புரோநோட்டு வக்கீல் லிங்கன்: ஸ்பிரிங்ஃபீல்ட் கோர்ட்டும் உள்ளூர் அரசியலும்

வல்லநாட்டான்:

ரொம்ப நாளா இதைப் பத்தி ஒரு இழை ஆரம்பிக்கணும்னு நினைச்சுட்டே இருந்தேன். லிங்கன்னா நமக்கு ஜனாதிபதி, உள்நாட்டுப் போர், அடிமை ஒழிப்பு, தியேட்டர்ல சுட்டுட்டாங்க, அவ்வளவுதான். அதுக்கு முன்னாடி 1837லேருந்து 1861 வரைக்கும் இல்லினாய்ஸ்ல ஸ்பிரிங்ஃபீல்ட்ங்கிற சின்ன ஊர்ல உக்காந்து மனுஷன் வக்கீல் தொழில் பண்ணியிருக்கார். 24 வருஷம். அதைப் பத்தி யாருமே பேசுறதில்ல.

நானும் ஒரு சின்ன ஊர் கோர்ட்ல பத்து வருஷமா பிராக்டிஸ் பண்றவன், அதனால அவர் நடத்தின வழக்குகளைத்தான் முதல்ல தேடிப் படிச்சேன். கோர்ட் கட்டுகளை எல்லாம் தோண்டி எடுத்து 5,000க்கு மேல வழக்கு இருக்குன்னு கண்டுபிடிச்சிருக்காங்க. அதுல கொலைக் கேஸ் எல்லாம் கொஞ்சம்தான், பாதிக்கு மேல கடன் வழக்கு. புரோநோட்டு எழுதிக் குடுத்துட்டு பணம் வரல, கொடுத்தவன் பிராது போடுறான், இதேதான் திரும்பத் திரும்ப. காரணம் என்னன்னா அங்க அப்ப கையில காசு கிடையாது, வங்கி நோட்டை நம்ப முடியாது, விவசாயி அறுவடை ஆனதும் தர்றேன்னு நோட்டு எழுதிக் குடுப்பான், அதை வாங்கினவன் பின்பக்கம் கையெழுத்து போட்டு இன்னொருத்தனுக்குத் தள்ளிவிடுவான், அவன் வேற ஒருத்தனுக்கு, கடைசியில 1837ல வங்கிகள் தடுமாறின நெருக்கடி வந்ததும் ஊர்ல ஒருத்தன் பாக்கி இல்லாம எல்லாரும் எல்லாருக்கும் கடன்காரங்க. லிங்கன் வக்கீலா உள்ள நுழைஞ்சதே அந்த வருஷம்தான்.

அவரே கடன்காரர்ங்கிறதுதான் என்னைப் பிடிச்சு உலுக்கின விஷயம். நியூ சேலம்ங்கிற கிராமத்துல பெர்ரிங்கிறவரோட சேர்ந்து மளிகைக்கடை வச்சு நொடிச்சுப் போச்சு, கூட்டாளி 1835ல செத்தும் போயிட்டார், மொத்தம் 1,100 டாலர் பாக்கி. அதை லிங்கன் தன்னோட "தேசியக் கடன்"னு சொல்லுவார். நில அளவை பண்ணிதான் அப்ப சாப்பாடு. ஒரு கடன்காரர் தீர்ப்பு வாங்கி அவரோட குதிரை, சேணம், அளவைக் கருவி எல்லாத்தையும் ஜப்தி பண்ணி ஏலத்துக்குக் கொண்டுவந்துட்டார். ஜேம்ஸ் ஷார்ட்ங்கிற பக்கத்துப் பண்ணைக்காரர் ஏலத்துல அதையெல்லாம் தானே எடுத்து, அப்படியே லிங்கன் கையில திருப்பிக் குடுத்துட்டார்.  இப்படி பொருளெல்லாம் ஏலத்துக்குப் போன லிங்கன்தான் ரெண்டு மூணு வருஷத்துல அதே மாதிரி ஆட்களுக்காகவும் அவங்க மேல வழக்குப் போடுற ஆட்களுக்காகவும் கோர்ட்ல நின்னவர். தன்னோட கடனை வருஷக்கணக்கா கட்டித் தீர்த்தார்.

என் கேள்வி இதான். இந்த வக்கீல் தொழில் இல்லாம லிங்கனோட அரசியல் இருந்திருக்குமா? என் அபிப்பிராயம், இருந்திருக்காது. அவர் அரசியலைக் கத்துக்கிட்டதே கோர்ட் வாசல்லதான்.

மேகலா_83:

அருமையான இழை சார். ஆனா வரிசையை நீங்க மாத்திப் போட்டுட்டீங்க. அரசியல்தான் முதல்ல, தொழில் அப்புறம்.

1832லயே, 23 வயசுல, சட்டமன்றத்துக்கு நின்னு தோத்துட்டார். ஆனா தன் சொந்த ஊர் நியூ சேலத்துல பதிவான 300 ஓட்டுல 277 அவருக்கு. அந்த ஊருக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆச்சு! தேர்தலுக்கு முன்னாடி பிளாக் ஹாக்ங்கிற பூர்வகுடித் தலைவரை எதிர்த்து நடந்த போருக்குப் போன தொண்டர் படையில பசங்க சேர்ந்து அவரையே கேப்டனா தேர்ந்தெடுத்தாங்க, அங்கதான் ஜான் டாட் ஸ்டூவர்ட்ங்கிற வக்கீல் பழக்கமானார். 1834ல ரெண்டு பேருமே ஜெயிச்சு சட்டமன்றம் போறாங்க. நீ ஏன் சட்டம் படிக்கக் கூடாதுன்னு தூண்டி, தன்கிட்ட இருந்த புஸ்தகங்களை இரவல் குடுத்தது ஸ்டூவர்ட்தான். நியூ சேலத்துலேருந்து ஸ்பிரிங்ஃபீல்டுக்கு 20 மைல், புஸ்தகம் வாங்க அந்த தூரத்தை நடந்தே போயிட்டு வருவாராம். காலேஜ் கிடையாது, குரு கிடையாது, தானே படிச்சு 1836ல லைசென்ஸ் வாங்கிட்டார். 1837 ஏப்ரல்ல இரவல் குதிரையில ஸ்பிரிங்ஃபீல்ட் வந்து இறங்கினப்ப அவருக்காகத் தயாரா இருந்தது ஸ்டூவர்ட்டோட பார்ட்னர்ஷிப். அந்தப் பார்ட்னர்ஷிப் சட்டமன்றத்துல சம்பாதிச்சது, கோர்ட்ல இல்ல.

ஒரு படுக்கை வாங்கக்கூட அவர்கிட்ட 17 டாலர் இல்ல. ஜோஷுவா ஸ்பீடுங்கிற கடைக்காரர் மேல மாடியில என் கட்டில் பெருசுதான், வேணும்னா பங்கு போட்டுக்கோன்னார். லிங்கன் தன்னோட பையை மேல கொண்டுபோய் வச்சுட்டு கீழ வந்து, "ஸ்பீட், நான் குடி வந்துட்டேன்"னு சொன்னாராம்.

வல்லநாட்டான்:

வரிசைல நீங்க சொல்றது சரிதான் மேடம், ஒத்துக்கறேன். ஆனா சட்டமன்றத்துல இருந்தது 1834லேருந்து நாலு தடவை, 1842லேயே அதை விட்டுட்டார். காங்கிரஸ்ல, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துல, ஒரே ஒரு தவணை, 1847லேருந்து 49 வரைக்கும். அதுக்கப்புறம் 1860 வரைக்கும் அவர் எந்தப் பதவியிலயும் உக்காரல. அந்த 11 வருஷம் அவரை மாநிலம் முழுக்கத் தெரிய வச்சது எது? அதைத்தான் கேக்கறேன்.

தோணித்துறை:

அதுக்கு பதில் எட்டாவது சர்க்யூட்.

கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா இது புரியாம லிங்கன் புரியமாட்டார். அப்ப ஒவ்வொரு கவுண்டிக்கும், நம்ம ஜில்லா மாதிரி, நிரந்தரமா ஒரு ஜட்ஜ் கிடையாது. ஒரே ஜட்ஜ் வசந்த காலத்துல ஒரு தடவை, இலையுதிர் காலத்துல ஒரு தடவை ஊர் ஊரா போவார், ஒரு ஊர்ல ரெண்டு நாள், இன்னொரு ஊர்ல ஒரு வாரம், வழக்கு தீர்ந்ததும் அடுத்த ஊர். வக்கீல்களும் பின்னாடியே போவாங்க. எட்டாவது சர்க்யூட் பெருசா இருந்த காலத்துல 14 கவுண்டி. ரயில் வரும்வரைக்கும் குதிரை வண்டிதான், மழை பெய்ஞ்சா சக்கரம் முழங்கால் சேத்துல, பல ஆத்துக்குப் பாலம் கிடையாது. 1848லேருந்து ஜட்ஜ் டேவிட் டேவிஸ், 300 பவுண்டுக்கு மேல எடை உள்ள மனுஷன். சத்திரத்துல வக்கீல்கள் ரெண்டு ரெண்டு பேரா ஒரே கட்டில்ல படுப்பாங்க, டேவிஸுக்கு மட்டும் தனிக் கட்டில். ஒரே மேசையில ஜட்ஜு, வக்கீலு, சாட்சி, ஜூரியா உக்காந்தவன், சமயத்துல ஜாமீன்ல வெளிய வந்த குத்தவாளி வரைக்கும் சேர்ந்து சாப்பிடுவாங்க.

மத்த வக்கீல்கள் ஞாயித்துக்கிழமைன்னா வீட்டுக்கு ஓடிருவாங்க. லிங்கன் போகமாட்டார், மூணு மாசம் வரைக்கும் ரோட்லயே. ஒரு ஊருக்குள்ள வண்டி நுழைஞ்சதும் உள்ளூர் வக்கீல் ஓடிவந்து வழக்குக் கட்டைக் கையில திணிப்பார், நாளைக்குக் காலைல வழக்கு, கட்சிக்காரரை மரத்தடியில உக்கார வச்சு அரை மணி நேரம் கேட்டுக்கணும், அவ்வளவுதான் தயாரிப்பு. கோர்ட் வாரம்னா அந்த ஊருக்கே திருவிழா, சுத்துப்பட்டு கிராமம் மொத்தமும் வண்டி கட்டிக்கிட்டு வந்துரும். பகல்ல ஜூரி முன்னாடி பேசுவார், சாயங்காலம் அதே கோர்ட் ஹால்ல, அதே ஜனங்க முன்னாடி கட்சிக் கூட்டம். காலைல இவரை எதிர்த்து வாதாடின வக்கீல் சாயங்காலம் ஒரே கட்சி மேடையில பக்கத்துல உக்காந்திருப்பார். இப்படி வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஒவ்வொரு கவுண்டியிலயும் யாருக்கு யார் சொந்தம், யாருக்கும் யாருக்கும் வரப்புத் தகராறு, எந்தப் பத்திரிகைக்காரர் எந்தப் பக்கம் சாய்வார்னு எல்லாம் அவருக்கு அத்துப்படி. இந்த அறிவை எந்தப் பதவியும் குடுக்காது.

1860ல ரிபப்ளிகன் கட்சியோட சிகாகோ மாநாட்டுல அவருக்கு ஜனாதிபதி வேட்பாளர் இடத்தை வாங்கிக் குடுத்தது யாரு? ஜட்ஜ் டேவிஸ்தான் அறை போட்டு உக்காந்து மொத்த வேலையையும் நடத்தினார். கூட லெனர்ட் ஸ்வெட், வார்டு லேமன், எல்லாம் சர்க்யூட்ல ஒண்ணாச் சுத்தின வக்கீல்கள். 1862ல டேவிஸை அமெரிக்க சுப்ரீம் கோர்ட் ஜட்ஜா நியமிச்சது லிங்கன்.

பாலா_சாம்பெய்ன்:

நான் இல்லினாய்ஸ்லதான் இருக்கேன், வேலை சாம்பெய்ன்ல. தோணித்துறை சொன்ன சர்க்யூட்ல இந்த கவுண்டியும் ஒண்ணு. அந்தக் காலத்துக் கோர்ட் கட்டடத்துல மவுண்ட் புலாஸ்கி, மெட்டமோரா ரெண்டும் இன்னும் நிக்குது. ரெண்டுமே ரெண்டு மாடி செங்கல் கட்டடம், நம்ம நினைக்கிறதைவிட ரொம்பச் சின்னது. ஜூரி உக்கார்ற இடத்துக்கும் வக்கீல் நிக்கிற இடத்துக்கும் நாலு எட்டுதான். சாட்சி முகத்துல வேர்க்கிறது கடைசி வரிசைல இருக்கிறவனுக்கும் தெரியும்.

ஸ்பிரிங்ஃபீல்ட்ல லிங்கனும் அவர் பார்ட்னரும் ஆபீஸ் வச்சிருந்த டின்ஸ்லி கட்டடம் ஆறாவது தெருவும் ஆடம்ஸ் தெருவும் சேர்ற முனையில இருக்கு. அங்க போனப்பதான் எனக்கு ஒண்ணு விளங்குச்சு. ஆபீஸ்லேருந்து ரோட்டைத் தாண்டினா எதிர்ல பழைய ஸ்டேட் கேப்பிட்டல். சட்டமன்றம், கவர்னர் ஆபீஸ், மாநில சுப்ரீம் கோர்ட், சட்ட நூலகம் எல்லாம் அந்த ஒரே கட்டடத்துக்குள்ள. டின்ஸ்லி கட்டடத்துலயே இவங்க ஆபீஸ் மேல, ஃபெடரல் கோர்ட் அதுக்குக் கீழ. மாநில சுப்ரீம் கோர்ட்ல மட்டும் அவர் 400 வழக்குக்கு மேல நடத்தியிருக்கார். கீழ் கோர்ட்ல தோத்த வெளியூர் வக்கீல்கள் அப்பீலை தலைநகர்ல இருக்கிற ஆள்கிட்ட குடுப்பாங்க, அந்த ஆள் இவரு. 1858ல அடிமை முறையால பிளவுபட்ட வீடு நிக்காதுன்னு பேசினதும் அந்தக் கேப்பிட்டல் ஹால்லதான். எல்லாத்துக்கும் நடக்குற தூரம்.

ஆபீஸ் உள்ள எப்படி இருந்துச்சுன்னு, ஸ்டூவர்ட்டுக்குப் பின்னாடி பார்ட்னரா இருந்த வில்லியம் ஹெர்ண்டன் எழுதி வச்சிருக்கார். லிங்கன் காலைல வந்து சோபாவுல ஒரு காலை நீட்டிப் படுத்துக்கிட்டு செய்தித்தாளை சத்தமா படிப்பாராம், கேட்டா ரெண்டு புலனும் சேர்ந்து வேலை செஞ்சா நல்லா பதியும்னு சொல்லுவாராம், ஹெர்ண்டனுக்கு அது தாங்க முடியாத இம்சை. முக்கியமான லெட்டரெல்லாம் அந்த உயரமான தொப்பிக்குள்ள. ஒரு காகிதக் கட்டு மேல, வேற எங்கயும் கிடைக்கலன்னா இதுக்குள்ள தேடுன்னு எழுதி வச்சிருந்தார். ஃபீஸ் வந்தா சரிபாதி. ஒருத்தர் சீனியர், ஒருத்தர் 9 வயசு சின்னவர், ஆனாலும் பாதிப் பாதி.

சுரபி:

ஒரு டவுட். ஓட்டு எப்படிப் போடுவாங்க அப்ப? 300ல 277ன்னு எப்படி இவ்வளவு துல்லியமா தெரியுது?

மேகலா_83:

இல்லினாய்ஸ்ல 1848 அரசியல் சட்டம் வர்ற வரைக்கும் ரகசிய ஓட்டு கிடையாது சுரபி. வாய்விட்டுச் சொல்லணும். நீங்க போய் எழுத்தர் முன்னாடி நின்னு பேரைச் சொல்லி, நான் இன்னாருக்குப் போடுறேன்னு சத்தமா சொல்லணும், அவர் நோட்டுல உங்க பேருக்கு நேரா குறிச்சுக்குவார். சுத்தி ஊரே நிக்கும். உங்களுக்குக் கடன் குடுத்தவரும் நிப்பார், உங்க வழக்கை நடத்துற வக்கீலும் நிப்பார். லிங்கன் எந்தத் தேர்தல்ல யாருக்குப் போட்டார்னே அந்த நோட்டுகள்ல இன்னிக்கும் படிக்கலாம். சின்ன ஊர் அரசியல்ல நல்ல பேர்ங்கிறது ஏன் அவ்வளவு பெரிய முதலீடுன்னு இதுல தெரியும்.

உள்ளூர் அரசியல் சுத்தமானதுன்னு நான் சொல்ல வரல. ஸ்பிரிங்ஃபீல்ட் இருக்கிற சாங்கமன் கவுண்டிலேருந்து சட்டமன்றம் போன ஒன்பது பேரும், லிங்கன் உள்பட, நல்ல உசரமான ஆட்கள், "நீண்ட ஒன்பது பேர்"னு பேரு. 1837ல தலைநகரை வண்டாலியாலேருந்து ஸ்பிரிங்ஃபீல்டுக்கு இழுத்துட்டு வந்தது இவங்கதான். அதே கூட்டத்தொடர்ல ரயில் பாதை, கால்வாய்னு 1 கோடி டாலர் திட்டத்துக்கும் கை தூக்கினாங்க, ஓட்டுக்கு ஓட்டு பேரம் பேசித்தான் தலைநகரை வாங்கினாங்கன்னு அப்பவே குத்தச்சாட்டு. திட்டம் ஊத்திக்கிச்சு, மாநிலம் கடன்ல மூழ்கிச்சு, ஸ்டேட் வங்கி நோட்டு காகிதமாப் போச்சு. 1842ல மாநில ஆடிட்டர் ஜேம்ஸ் ஷீல்ட்ஸ், டெமாக்ரட் கட்சிக்காரர் (லிங்கன் அப்ப எதிர்க்கட்சியான விக் கட்சி), வரியை அந்த நோட்டுல வாங்க முடியாதுன்னு உத்தரவு போடுறார். விவசாயி கையில இருக்கிறது அந்த நோட்டு மட்டும்தான்! லிங்கன் உடனே ரெபேக்காங்கிற பேர்ல ஒரு கிராமத்துப் பொம்பளை எழுதுற மாதிரி சாங்கமோ ஜர்னல்ங்கிற பத்திரிகையில ஷீல்ட்ஸைக் கிழிச்சு எழுதினார், அது எல்லை மீறிப் போய் தனிப்பட்ட கேலியா ஆயிடுச்சு. ஷீல்ட்ஸ் சண்டைக்கு அழைச்சார். செப்டம்பர் 22, மிசிசிப்பி ஆத்துக்குள்ள மிசௌரிப் பக்கத்துத் தீவு, ஆயுதம் குதிரைப்படை வாள், லிங்கன் தேர்ந்தெடுத்தது. அவர் 6 அடி 4 அங்குலம், கை நீளம் அப்படி. கடைசி நேரத்துல கூட வந்தவங்க பேசி சமாதானம் பண்ணிட்டாங்க. அந்தச் சம்பவத்தைப் பத்திப் பேச்செடுத்தாலே அவருக்குப் பின்னாடி பிடிக்காது.

கொடுமை என்னன்னா அந்த நோட்டு மதிப்பில்லாமப் போக வழி பண்ணின ஓட்டுல லிங்கன் ஓட்டும் ஒண்ணு. இதை நான் அவர் மேல உள்ள மரியாதையோடதான் சொல்றேன், ஆனா சொல்லித்தான் ஆகணும்.

தோணித்துறை:

ஷீல்ட்ஸ் கதை அதோட முடியல மேகலா. 1855ல செனட் தேர்தல், அப்ப செனட்டரை மாநில சட்டமன்றம்தான் தேர்ந்தெடுக்கும். பதவியில இருந்தது இதே ஷீல்ட்ஸ், எதிர்த்து லிங்கன். முதல் சுற்றுல லிங்கன் 44, ஷீல்ட்ஸ் 41, லைமன் ட்ரம்புல்னு அடிமை முறை பரவுறதை எதிர்த்த டெமாக்ரட் ஒருத்தர், அவருக்கு 5. அந்த 5 பேரும் விக் கட்சிக்காரருக்குப் போடவே மாட்டோம்னு பிடிவாதம். சுற்று ஏற ஏற லிங்கன் ஓட்டு கரைஞ்சு 15க்கு வந்துருச்சு, எதிர்ப்பக்கம் ஷீல்ட்ஸை விட்டுட்டு கவர்னர் மேட்டிசனைக் கொண்டுவந்து 47க்கு ஏத்திட்டாங்க. அப்ப லிங்கன் தன் ஆட்களைக் கூப்பிட்டு எனக்குப் போடாதீங்க, ட்ரம்புல்லுக்குப் போடுங்கன்னுட்டார். 51 ஓட்டுல ட்ரம்புல் ஜெயிச்சார். 44 வச்சிருந்தவர் 5 வச்சிருந்தவருக்கு விட்டுக் குடுத்தார். அந்த 5 பேர்ல ஒருத்தர் நார்மன் ஜட். 1860 மாநாட்டை சிகாகோவுக்குக் கொண்டுவந்தது அவர்தான்.

பழையபேட்டை:

எல்லாரும் நல்லா எழுதுறீங்க, படிக்க சந்தோஷமா இருக்கு. ஆனா ஒரு விஷயத்தை யாருமே தொடல, எனக்கு அது தொண்டையில முள்ளு மாதிரி நிக்குது.

1847, கோல்ஸ் கவுண்டி, சார்ல்ஸ்டன் கோர்ட். ராபர்ட் மேட்சன்னு, அடிமை முறை இருந்த கென்டக்கி மாநிலத்துப் பண்ணையார். இல்லினாய்ஸ்லயும் அவருக்கு நிலம். வருஷா வருஷம் கென்டக்கிலேருந்து அடிமைகளைக் கொண்டுவந்து வேலை வாங்கிட்டு அறுவடை முடிஞ்சதும் திருப்பிக் கூட்டிட்டுப் போயிருவார், இங்க நிரந்தரமா இருந்தா சட்டப்படி விடுதலை ஆயிருவாங்கன்னு. ஜேன் பிரையண்ட்னு ஒரு அம்மா, நாலு குழந்தை. புருஷன் ஆன்டனி சுதந்திர மனுஷன், ஆனா பொண்டாட்டி பிள்ளை பண்ணையார் சொத்து. வீட்டை நடத்திட்டிருந்த பொம்பளை ஒரு நாள் கோவத்துல உன் பிள்ளைகளைத் தெற்கே வித்துருவோம்னு சொல்லிட்டா. அன்னிக்கே ஆன்டனி ஓடிப்போய் அடிமை முறையை எதிர்க்கிற ரெண்டு பேர்கிட்ட தஞ்சம் கேட்டார், ஹைரம் ரூதர்ஃபோர்ட்னு ஒரு டாக்டர், ஆஷ்மோர்னு ஒருத்தர். அவங்க அடைக்கலம் குடுத்தாங்க. பண்ணையார் அந்தத் தாயையும் பிள்ளைகளையும் பிடிச்சு ஜெயில்ல வச்சுட்டார்.

இந்த வழக்குல லிங்கன் நின்னது பண்ணையார் பக்கம். அந்த நாலு பிள்ளைகளைத் திருப்பி அடிமைத்தனத்துக்கு அனுப்பறதுக்கு வாதாடினார். அவங்க இங்க குடியிருக்கல, சீசனுக்கு வந்துபோறவங்கதான்னு வாதம். தோத்தார், ஜேனும் பிள்ளைகளும் விடுதலை ஆனாங்க. ஜெயிச்சிருந்தா?

புரோநோட்டு, சத்திரம், தொப்பி எல்லாம் சரி. இதுக்கு என்ன சொல்றீங்க. ரயில்வே கம்பெனிக்கு வக்காலத்து வாங்கி 5,000 டாலர் ஃபீஸ் கேட்டவர் வேற.

வல்லநாட்டான்:

ரயில்வே விஷயம் எளிசு, அதை முதல்ல முடிச்சுடறேன். இல்லினாய்ஸ் சென்ட்ரல் ரயில்வேக்கு மாநிலம் குடுத்த சாசனப்படி வருமானத்துல ஒரு பங்கு மாநிலத்துக்குக் கட்டினா மத்த வரி கிடையாது. மெக்லீன் கவுண்டி நாங்க தனியா வரி போடுவோம்னு கிளம்பிச்சு. 1853ல லிங்கன் முதல்ல கவுண்டி பக்கம்தான் போக நினைச்சார், சாம்பெய்ன் கவுண்டி கிளார்க்குக்கு லெட்டர் எழுதி, முதல் உரிமை உங்களுக்குத்தான், நீங்க என்னை அமர்த்தலன்னா ரயில்வே பக்கம் போறேன்னு சொன்னார். அவங்க அமர்த்தல. அட்வான்ஸ் வாங்கிட்டு ரயில்வேக்கு ஆஜராகி 1856ல மாநில சுப்ரீம் கோர்ட்ல ஜெயிச்சுக் குடுத்தார். 5,000 டாலர் பில் அனுப்பினா கம்பெனி தரமாட்டேன்னுச்சு, சொந்தக் கட்சிக்காரன் மேலயே 1857ல வழக்குப் போட்டு மீதி 4,800ஐயும் வாங்கினார். ஒரு கவுண்டி வரி போட ஆரம்பிச்சிருந்தா பாதை போற கவுண்டி எல்லாமே போட்டிருக்கும், கம்பெனிக்கு அது லட்சக்கணக்குல மிச்சம். அதுக்கு 5,000 நியாயமான ஃபீஸ். சாதாரண வழக்குக்கு அவர் வாங்கினது 5, 10, 20 டாலர்தான்.

மேட்சன் வழக்குக்கு என்கிட்ட சமாதானம் கிடையாது. வக்கீல்னா வந்தவனுக்கு வாதாடணும்னு சொல்லலாம், நானே நிறைய தடவை சொல்லியிருக்கேன். ஆனா இதுல அதைச் சொல்ல எனக்கு வாய் வரல.

தோணித்துறை:

நான் சொல்றேன், பழையபேட்டை கோவிச்சுக்கக்கூடாது. ரூதர்ஃபோர்ட் டாக்டரே வயசான பிறகு சொன்ன நினைவு ஒண்ணு இருக்கு. மேட்சன் அவர் மேலயும் வழக்குப் போட்டிருந்தார், அதுக்கு லிங்கனைத்தான் முதல்ல போய்ப் பார்த்தாராம். லிங்கன் முகம் வாடிப்போய், மேட்சன் தரப்புல ஏற்கெனவே என்கிட்ட ஆலோசனை கேட்டுட்டாங்க, வாக்குக் குடுத்துட்டேன்னாராம். அப்புறம் அதுலேருந்து கழண்டுகிட்டு வர்ற மாதிரி வழி பண்ணி ஆள் அனுப்பினாராம், டாக்டர் ரோஷப்பட்டு வேண்டாம்னுட்டார். யார் முதல்ல வந்தாலும் எடுத்துக்கிறதுதான் அந்தச் சர்க்யூட் வழக்கம். அதே வருஷம் விடுதலைக்கு வாதாடுனு ஒருத்தர் முதல்ல வந்திருந்தா அதுக்கும் நின்னிருப்பார்.

பழையபேட்டை:

கோவமில்ல. ஆனா கழண்டுக்க முடியும்னா கழண்டிருக்கலாம்ல. கூட ஆஜரான இன்னொரு வக்கீல் இருந்தார், அஷர் லிண்டர், அவர் பார்த்துக்கிட்டிருப்பார். அந்தக் குடும்பத்துக்கு விடுதலை கிடைச்சும் அந்த மாநிலத்துல வாழ முடியல, லைபீரியாவுக்குக் கப்பல் ஏறினாங்க, அங்க போய் ரொம்பக் கஷ்டப்பட்டாங்க. வழக்கம்ங்கிற ஒத்தைச் சொல்லு அதுக்குப் போதாது.

மேகலா_83:

பழையபேட்டை சொல்றதோட நான் நிக்கறேன்.

அதே மனுஷன் செஞ்ச இன்னொண்ணையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, முன்னதை அழிக்கறதுக்கு இல்ல. 1858, பியர்ட்ஸ்டவுன். டஃப் ஆம்ஸ்ட்ராங்னு ஒரு பையன் மேல கொலைக் கேஸ். அவன் அப்பா ஜாக், நியூ சேலத்துக்குப் பக்கத்துல கிளேரிஸ் குரோவ் மல்லுக்கட்டு கோஷ்டித் தலைவர், கடன்ல தத்தளிச்ச காலத்துல லிங்கன் அவங்க வீட்டுல சாப்பிட்டிருக்கார். அப்பா செத்துட்டார், அம்மா ஹன்னா வந்து கேட்டாங்க. சாட்சி சார்ல்ஸ் ஆலன், நிலா வெளிச்சத்துல தெளிவா பார்த்தேன்னார். லிங்கன் அவரைத் திரும்பத் திரும்ப அதையே சொல்ல வச்சு, நிலா எங்க இருந்துச்சு, எவ்வளவு உசரம், எல்லாம் சொல்ல வச்சு, பிறகு பஞ்சாங்கத்தை எடுத்தார். அந்த நேரத்துக்கு நிலா அஸ்தமிக்கப் போகுது. விடுதலை. ஃபீஸ் ஒரு காசு வாங்கல.

இன்னொண்ணு அடுத்த வருஷம். 1846 காங்கிரஸ் தேர்தல்ல இவரை எதிர்த்து நின்னவர் பீட்டர் கார்ட்ரைட், மெதடிஸ்ட் போதகர், லிங்கன் கடவுள் நம்பிக்கை இல்லாதவர்னு பிரச்சாரம் நடந்த தேர்தல் அது. 1859ல கார்ட்ரைட்டோட பேரன் பீச்சி குவின் ஹாரிசன் ஒரு பையனைக் கத்தியால குத்திட்டான். செத்தவன் கிரீக் கிராஃப்டன், லிங்கன் ஆபீஸ்லயே சட்டம் படிச்சவன். குத்தினவன் எதிரியோட பேரன், செத்தவன் தன் மாணவன், லிங்கன் நின்னது பேரனுக்காக. சாட்சிக்கூண்டுல கிழவர் கார்ட்ரைட்டை ஏத்தினார். சாகறப்ப அந்தப் பையன் என்கிட்ட, நானே இதைத் தேடிக்கிட்டேன், அவனை மன்னிச்சுட்டேன்னு சொன்னான்னு கிழவர் சொன்னார். விடுதலை ஆயிடுச்சு. அவ்வளவு சின்ன உலகம் அது.

சுரபி:

பழையபேட்டை சொன்னது மனசை விட்டுப் போகல. அவர் விடுதலை பக்கம் நின்ன வழக்கே இல்லையா?

வல்லநாட்டான்:

இருக்கு சுரபி. மேட்சனுக்கு ஆறு வருஷம் முன்னாடி, 1841. இதைக் கடைசிக்குன்னு வச்சிருந்தேன், ஏன்னா இதுவும் ஒரு புரோநோட்டு வழக்கு.

நான்ஸ்ங்கிற கறுப்பினப் பெண். பீக்கின் ஊர்ல கிராம்வெல்னு ஒருத்தர் அவங்களை டேவிட் பெய்லிங்கிறவருக்கு வித்துட்டார். இல்லினாய்ஸ் சுதந்திர மாநிலம், ஆனா ஒப்பந்தக் கூலின்னு பேர் வச்சு இப்படி வித்துக்கிட்டுதான் இருந்தாங்க. பெய்லி பணம் குடுக்கல, புரோநோட்டு எழுதிக் குடுத்தார், இந்தப் பெண் உன் ஆள்தான்கிறதுக்கு நீ பத்திரம் காட்டினதும் பணம்னு பேச்சு. கிராம்வெல் பத்திரம் காட்டாமலே செத்துப் போனார். நான்ஸ் நான் யாருக்கும் சொத்து இல்லன்னு சொல்லிட்டு பெய்லி வீட்டை விட்டு வெளிய நடந்துட்டாங்க. கிராம்வெல் சொத்தைப் பாத்துக்கிட்டவங்க நோட்டைக் கையில எடுத்துக்கிட்டு பெய்லி மேல பிராது போட்டாங்க. கீழ் கோர்ட்ல பெய்லி தோத்துட்டார்.

அப்பீல்ல பெய்லிக்கு லிங்கன், 32 வயசு. நான்ஸ் அந்த வழக்குல கட்சிக்காரரே இல்ல, வெளிய நிக்கிற ஆள். லிங்கன் நோட்டைப் பிடிச்சார். இந்த நோட்டுக்குப் பிரதிபலன் என்ன? ஒரு மனுஷி. இல்லினாய்ஸ்ல எல்லாரும் சுதந்திரமானவங்கன்னுதான் சட்டம் எடுத்துக்கணும், அடிமைன்னு சொல்றவன்தான் நிரூபிக்கணும், நிரூபிக்கல, அப்ப அவங்க சுதந்திரப் பெண், சுதந்திரமான ஆளை விக்க முடியாது, விக்க முடியாததுக்கு எழுதின நோட்டு செல்லாது. மாநில சுப்ரீம் கோர்ட் ஏத்துக்கிச்சு. நான்ஸோட பையன் வில்லியம் காஸ்ட்லி பெரியவனாகி உள்நாட்டுப் போர்ல வடக்குப் பக்கத்து யூனியன் ராணுவத்துல சேர்ந்தான்.

நான்ஸ் லிங்கன் வர்றதுக்கு முன்னாடியே, தன் சுதந்திரத்துக்காகத் தானே கோர்ட் ஏறிப் பார்த்தவங்க. அந்தப் பழைய வழக்குக் கட்டுல என்னென்ன இருக்குன்னு நான் இப்பதான் படிக்க ஆரம்பிச்சிருக்கேன், முடிச்சதும் தனி இழையா போடறேன். பழையபேட்டை, நீங்களும் ஜேன் பிரையண்ட் பத்தி இன்னும் எழுதுங்க.